இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த இரண்டு கார்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 2007ஆம் ஆண்டு ஐ10 என்ற சிறிய கார் தயாராகத் தொடங்கியது. உலகச் சந்தை முழுவதற்குமான ஐ10 இந்த ஓர் ஆலையிலிருந்துதான் போகும் என்று ஹூண்டாய் நிறுவனம் அப்போது முடிவெடுத்தது. அப்படியே போனது. கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்ற ஐ10 காரை 2008இல் யூரோ என்காப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தது. உள்ளே இருக்கும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற இன்னோர் அமைப்பு, இந்தியக் கடைவீதியில் விற்ற ஐ10 காரின் ஆரம்ப ரகத்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜியம். அந்தக் காரில் ஏர்பேக் இல்லை. அதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்றும் அறிக்கையில் இருந்தது. ஆட்கள் உட்காரும் கூடே மோதலைத் தாங்கி நிற்கவில்லை என்றார்கள். கூடு நிற்காத காரில் ஏர்பேக்கை மட்டும் கொண்டுவந்து வைத்தாலும் பெரிய பலன் இருக்காது.

இரண்டு சோதனைகளின் மதிப்பெண் முறையும் ஒன்றல்ல. ஐரோப்பியச் சோதனையில் பக்கவாட்டு மோதலும் சேரும். அதனால் நான்கிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்து இதுதான் வித்தியாசம் என்று கணக்கு எழுதுவது நியாயமாகாது. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரே ஊரில், ஒரே பெயரில் ஒரு கார் தயாராகிறது. காஞ்சிபுரத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து ஷிப்ட் பார்க்கும் அதே கைகள் அதைப் பூட்டுகின்றன. ஜெர்மனியில் ஒரு குடும்பத்துக்கு அது தரும் காப்பும், அதைப் பூட்டிய தொழிலாளி கடன் வாங்கி ஆரம்ப ரகத்தை எடுத்தால் அவர் குடும்பத்துக்குத் தரும் காப்பும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

கார் ஊருக்கு ஊர் மாறலாம், மாறத்தான் வேண்டும். மோதலின்போது உள்ளே இருப்பவரைக் காக்கும் வலு மட்டும் நாட்டுக்கு நாடு மாறக் கூடாது. நீண்ட காலம் இந்த வித்தியாசத்தில் நாம் குறைந்த பங்கைப் பெற்றவர்களாக இருந்தோம். இன்று நிலைமை மெல்லத் திரும்பியிருக்கிறது. குறைந்த பங்கை வேறு சிலருக்கு அனுப்பிவைக்கும் இடத்தில் நம் ஆலைகளும் நிற்கின்றன. இதைப் பற்றி நம் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் போதுமான பேச்சு இல்லை என்பதே எனக்கு வருத்தம்.

ஊருக்கேற்பச் செய்ய வேண்டிய மாற்றங்களை முதலில் பார்த்துவிடலாம். அவற்றில் குறை காண ஒன்றுமில்லை, பல இடங்களில் வியக்கத்தான் தோன்றுகிறது.

நம் தெருவில் ஓடும் வேகன் ஆரும் ஜப்பானில் ஓடும் வேகன் ஆரும் பெயரில்தான் ஒன்று. ஜப்பானில் அது ‘கெய்’ என்ற வகுப்பைச் சேர்ந்த கார். அந்த வகுப்புக்கு அரசு வகுத்த எல்லை: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இதற்குள் அடங்கினால் வரி குறைவு. சந்து சந்தாக நெருங்கிய நகரங்களுக்கும் பஸ் வராத கிராமங்களுக்கும் அது பொருந்துகிறது. அதே காரை நம் நாட்டில் ஐந்து பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏற்றி மலைப்பாதையில் விட்டால் மூச்சு வாங்கும். அதனால் இந்திய வேகன் ஆர் 1.62 மீட்டர் அகலத்துக்கு வளர்ந்து, 1 லிட்டர், 1.2 லிட்டர் எஞ்சின்களுடன் வருகிறது.

ஐ10 காரின் அடுத்த தலைமுறை 2013இல் வந்தபோது ஹூண்டாய் அதை இரண்டாகவே பிரித்தது. ஐரோப்பாவுக்கான கார் துருக்கியின் இஸ்மித் நகரில் தயாரானது. நமக்கான கிராண்ட் ஐ10 சென்னையில் தயாரானது. நம்முடையது 10 சென்டிமீட்டர் கூடுதல் நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 4 சென்டிமீட்டர் கூடுதல். அந்த 4 சென்டிமீட்டர் பின் சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்குப் போனது. ஐரோப்பாவில் இவ்வளவு சிறிய காரில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ முன்னால் உட்கார்ந்து போவார்கள். நம் வீடுகளில் பின் சீட்டு அம்மாவுக்கும் மாமியாருக்கும் தாத்தாவுக்கும் உரியது. அவர்கள் கால் நீட்ட இடமில்லை என்றால் கார் வீட்டுக்கு வராது. இதை அறிந்து வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

வரியும் காரை வளைக்கும். 2006 மத்திய பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அந்த ஓர் அறிவிப்பு இந்தியக் காரின் உருவத்தையே மாற்றிவிட்டது. 2008இல் வந்த ஸ்விப்ட் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் வந்த அடுத்த டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். டிக்கியை நறுக்கி எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். உலகில் வேறெங்கும் பெரிதாகக் காண முடியாத குட்டை வால் செடான் என்ற ஓர் இனமே இப்படித்தான் பிறந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோதும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே இருக்கிறது. நம் தெருவில் நிற்கும் பல கார்களின் வாலை அளந்து வெட்டியவர் நிதியமைச்சர்தான் என்றால் மிகையாகாது.

பிரேசிலில் 2003 முதல் பெட்ரோல், எத்தனால் எதை எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் கார்கள் விற்கின்றன. கரும்பு விளையும் நாடு அது. எத்தனால் உலோகத்தையும் ரப்பரையும் அரிக்கக்கூடியது என்பதால் எரிபொருள் குழாய் முதல் சீல் வரை எல்லாம் அதற்கேற்றபடி அமைகின்றன. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க அங்கே பூச்சு முக்கியம். நமக்கு மே மாத வெயிலில் ஐந்து நிமிடத்தில் குளிரூட்டும் ஏசியும், வேகத்தடையில் அடி தட்டாத உயரமும் முக்கியம். இவையெல்லாம் மண்ணுக்கேற்ற மாற்றங்கள். ஊருக்கு ஊர் சாம்பாரின் புளிப்பு மாறுவதைப் போல.

இனி மாறக் கூடாத இடத்துக்கு வருவோம். இதைப் பேச ரெனோ க்விட் காரைவிடப் பொருத்தமான கார் இல்லை. இந்தக் காரும் நம் சென்னையை அடுத்த ஒரகடத்தில்தான் பிறந்தது.

க்விட் காரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜெரார் டெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். குறைந்த விலையில் கார் செய்வதில் அவர் பெரிய ஆசான். ருமேனியாவின் டாசியா லோகன் காருக்குப் பின்னால் இருந்தவர். அவர் சென்னைக்கே குடிவந்தார். பாகங்களில் மிகப் பெரும் பகுதியை இந்தியாவிலேயே, அதிலும் கணிசமானவற்றைச் சென்னையைச் சுற்றியே வாங்கி, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி அந்தக் காரை உருவாக்கினார். சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. எஞ்சின் 799 சிசி. எடை 660 கிலோ. 2015 செப்டம்பரில் 2.57 லட்சம் ரூபாயில் விற்பனைக்கு வந்தபோது முன்பதிவு குவிந்தது. பொறியியல் சாதனை என்ற வகையில் க்விட் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. உலகத் தரத்தில் ஒரு காரை, இந்தியச் சம்பளக்காரர் வாங்கும் விலையில், இந்தியாவிலேயே அடித்தளத்திலிருந்து வடிவமைக்க முடியும் என்று அது காட்டியது.

2016 மே மாதம் குளோபல் என்காப் அதைச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத க்விட்டுக்குப் பூஜ்ஜியம். ஏர்பேக் வைத்த க்விட்டுக்கும் பூஜ்ஜியம்தான். கூடு நிலைகுலைந்தால் ஏர்பேக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிறுவனம் சில திருத்தங்கள் செய்து மறுபடி கொடுத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், மோதிய கணத்தில் தானே இறுகும் சீட் பெல்ட்டும் உள்ள க்விட் ஒரு நட்சத்திரம் பெற்றது.

2017இல் க்விட் பிரேசிலுக்குப் போனது. பெயர் க்விட், தோற்றம் க்விட், சக்கரத்தில் அதே மூன்று நட்டு. பரானா மாநிலத்தில் குரிச்சிபா நகருக்கு அருகே உள்ள ஆலையில் தயாரானது. ஆனால் அந்தக் காரின் எடை நம் காரைவிட நூறு கிலோவுக்கும் மேல் கூடுதல். அந்த எடையில் பெரும் பங்கு கூட்டைப் பலப்படுத்தியதிலும் பாதுகாப்புக் கருவிகளிலும் வந்தது. எந்த ரகம் வாங்கினாலும் நான்கு ஏர்பேக் உண்டு. முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. பின் சீட்டில் குழந்தை இருக்கையை உறுதியாக மாட்டும் கொக்கிகள் உண்டு. லத்தீன் என்காப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தலா மூன்று நட்சத்திரம் பெற்றது.

பிரேசில் பணக்கார நாடல்ல. அங்கும் கார் வாங்குபவர் தவணையைக் கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறார். சாவோ பாலோவின் நெரிசலும் பள்ளமும் நம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குச் சளைத்தவையல்ல. அப்படியிருக்க அங்கே நான்கு ஏர்பேக் இருந்தபோது இங்கே ஆரம்ப ரகத்தில் ஒன்றுகூட இல்லாமல் போனது ஏன்? விடை அரசிதழில் இருக்கிறது. 2009இலேயே பிரேசில் ஒரு விதி போட்டது. புதிய கார்களில் படிப்படியாக முன்புற ஏர்பேக் இரண்டும் ஏபிஎஸ் பிரேக்கும் வந்தாக வேண்டும், 2014 முதல் அவை இல்லாத கார் விற்கக் கூடாது. அந்த விதிக்குக் கீழே போக எந்த நிறுவனத்துக்கும் வழியில்லை. லத்தீன் என்காப் அமைப்பு 2010இலிருந்து வெளியிட்டுவந்த முடிவுகளால் வாங்குபவர்களும் நட்சத்திரம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் நிறுவனம் விதிக்கு மேலேயும் இரண்டு ஏர்பேக் சேர்த்துக் கொடுத்தது.

க்விட் கதை அங்கேயும் முடியவில்லை. அதே அடித்தளத்தில் பேட்டரி வைத்து, சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் தயாரித்து, டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் 2021இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு ஏர்பேக், முன்னால் இடர் தெரிந்தால் தானே பிரேக் போடும் வசதி எல்லாம் இருந்தன. யூரோ என்காப் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தது. ஆறு ஏர்பேக்குக்கு ஒன்று, நான்கு ஏர்பேக்குக்கு மூன்றா என்று வாசகர்கள் குழம்ப வேண்டாம். ஐரோப்பியத் தேர்வின் வினாத்தாள் கடினம். பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதல், பாதசாரியின் பாதுகாப்பு, மின்னணு உதவிகள் என்று பல பாடங்கள். ஆண்டுக்கு ஆண்டு பாடமும் கூடுகிறது. எனவே எந்த நாட்டு அமைப்பு, எந்த ஆண்டு என்று பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணக் கூடாது.

நட்சத்திரக் கணக்கு வேறுபட்டாலும் மனித உடல் வேறுபடுவதில்லை. 64 கிலோமீட்டர் வேகத்தில் மார்பெலும்பு தாங்கும் விசை சென்னையிலும் பாரிஸிலும் ஒன்றே. முன்பகுதி நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது, ஸ்டீயரிங் மார்பை நோக்கி வரக் கூடாது, சீட் பெல்ட் உடலைப் பிடிக்க வேண்டும், அதன் பிறகு தலைக்கும் மார்புக்கும் ஏர்பேக் மெத்தை கொடுக்க வேண்டும். ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஏற்பாடு இது. நம்மூரில் கதவைச் சாத்தும்போது கேட்கும் சத்தத்தை வைத்து, பானெட்டில் விரலால் தட்டி, தகடு கனமா என்று பார்க்கிறோம். மேல் தகட்டைத் தட்டி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தூண்களும் சட்டங்களும், அவற்றுக்கு எந்த ரக எஃகு போட்டார்கள், எத்தனை இடத்தில் பற்ற வைத்தார்கள் என்பதும்தான். வாங்குபவர் கண்ணுக்கு அவை தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் செலவைக் குறைப்பது எளிது. அதனால்தான் இதைச் சந்தையின் விருப்பத்துக்கு விட முடியாது என்கிறேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமல்ல. பாதுகாப்பைக் கூட்டினால் விலை கூடும். விலை கூடினால் முதல் கார் வாங்க நினைப்பவர் பைக்கோடு நின்றுவிடுவார். பைக்கில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிப் போவதைவிட, நட்சத்திரமே இல்லாத காரும் மேல்தானே? மாருதி சுசுகி தலைவர் ஆர்.சி.பார்கவா இந்த வாதத்தைத் தொடர்ந்து முன்வைத்தவர். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆகவே அவர் சொல்லும் ஆபத்து உண்மையானது.

ஆனால் இந்த வாதத்தை நடந்தவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2014 சோதனையில் போலோ காரும் பூஜ்ஜியம் வாங்கியது. அதன் கூடு உறுதியாக இருந்தது, ஏர்பேக் மட்டும் இல்லை. போக்ஸ்வாகன் உடனே ஏர்பேக் இல்லாத ரகத்தை நிறுத்தியது. இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. அந்தச் சோதனைக்கும் அந்த முடிவுக்கும் இடையே ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஒரகடத்தில் தயாரான டட்சன் கோ பூஜ்ஜியம் வாங்கியபோது, குளோபல் என்காப் தலைவர் மேக்ஸ் மோஸ்லி அதைச் சந்தையிலிருந்து விலக்கும்படி நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதம் எழுதினார். கார் தொடர்ந்து விற்றது. வாய்ப்பு இருந்தும் செய்யாதவர்களும் செய்தவர்களும் ஒரே சந்தையில், ஒரே விலைப் போட்டிக்குள் இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் 2019 ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. 2021 முடிவதற்குள் முன் சீட்டில் உட்காருபவருக்கும் கட்டாயமானது. முன்புற, பக்கவாட்டு மோதல் விதிகள் 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் வந்தன. விலை கொஞ்சம் ஏறியது. கார் விற்பனை நின்றுபோகவில்லை. ஏர்பேக் ஒன்றின் செலவு சில நூறு ரூபாய்தான் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2022இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். பொருத்தும் செலவு, சென்சார், கூட்டில் மாற்றம் எல்லாம் சேர்ந்தால் அதைவிட அதிகமாகும் என்பது நிறுவனங்களின் பதில். அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கூடுதல் செலவை எல்லாக் கார்களும் சேர்ந்து ஏற்கும்போது ஒரு காருக்கு விழுவது குறைகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால், பாதுகாப்பில் செலவழித்தவர் போட்டியில் தோற்கும் அநியாயமும் இல்லை.

கட்கரி அதே காலத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டார். ஏற்றுமதிக் காருக்கு ஆறு ஏர்பேக் வைக்கிறீர்கள், இந்தியர்களுக்குக் குறைக்கிறீர்களே, ஏன்? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலைச் சட்டமாக எழுத வேண்டிய பொறுப்பு அவர் அமைச்சகத்துடையதுதான். 2022 அக்டோபரில் வருவதாக இருந்த ஆறு ஏர்பேக் விதி ஓராண்டு தள்ளிப்போனது. பிறகு 2023 செப்டம்பரில் கட்டாயமாக்கப் போவதில்லை என்று கைவிடப்பட்டது. இதற்கிடையே 2023 ஆகஸ்டில் பாரத் என்காப் என்ற நம் நாட்டுச் சோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அதில் சேருவது நிறுவனத்தின் விருப்பம். நன்றாகப் படித்த பிள்ளை மட்டும் தேர்வெழுதலாம் என்று விட்டால், எழுதாதவரின் மதிப்பெண் யாருக்கும் தெரியாமலே போகும்.

இருந்தாலும் இந்திய வாங்குபவர் மாறிவிட்டார். பத்தாண்டுக்கு முன் ஷோரூமில் முதல் கேள்வி மைலேஜ். இரண்டாவது கேள்வி மறுவிற்பனை விலை. இன்று எத்தனை ஸ்டார் என்று கேட்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அழுத்தம் நிறுவனங்களைத் தொட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் இந்திய மாடல்கள் எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக்கை அடிப்படையாக்கியது. 2024 நவம்பரில் புதிய டிசையர் குளோபல் என்காப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 4 மீட்டர் நீளத்துக்குள், நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் இதைச் செய்ய முடியும் என்றால், முடியாது என்று இத்தனை ஆண்டுகள் சொன்னதற்கு என்ன பொருள்?

இங்கேதான் கப்பலின் அடுத்த துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் விற்கும் சிறிய கார்களில் பெரும் பகுதி இந்தியாவில் தயாராகிப் போகிறது. அண்மைய ஆண்டுகளில், இந்தியாவில் தயாராகி அங்கே விற்கும் கிராண்ட் ஐ10 காரை குளோபல் என்காப் சோதித்தது. அதில் இருந்தவை முன்புற ஏர்பேக் இரண்டு மட்டும். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம். நம்மூர்க் கடையில் ஆறு ஏர்பேக்குடன் விற்கும் காரின் உடன்பிறப்பு அது. 2014இல் நம்முடைய ஐ10 நின்ற இடத்தில் இப்போது அவர்களுடைய ஐ10 நிற்கிறது.

நிலைமை எப்போதும் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாருதியின் எஸ்-பிரெஸ்ஸோ 2020இல் இந்திய வடிவில் பூஜ்ஜியம் வாங்கியது. 2022இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன எஸ்-பிரெஸ்ஸோ, அதுவும் இந்தியாவில் தயாரானதுதான், மூன்று நட்சத்திரம் வாங்கியது. வளர்ந்த நாடுகளும் இதிலிருந்து தப்பவில்லை. ஐரோப்பாவில் மூன்று நட்சத்திரம் வாங்கிய புதிய ஸ்விப்ட் காருக்கு 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்காப் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. ஐரோப்பாவுக்குப் போகும் காரும் தங்களுக்கு வரும் காரும் ஒன்றல்ல என்று அந்த அமைப்பு சொன்னது. எங்கே விதியோ கண்காணிப்போ கொஞ்சம் தளர்கிறதோ அங்கே கார் இளைக்கிறது.

இதன் முழு அர்த்தத்தையும் கண்முன் நிறுத்திய சோதனை ஒன்று 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது. நிசான் மெக்சிகோவில் விற்ற மலிவு செடான் சுரு, அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற மலிவு செடான் வெர்சா, இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். வெர்சாவில் இருந்த பொம்மை ஓட்டுநர் பெரிய காயமின்றித் தப்பும் நிலையில் இருந்தது. சுருவில் இருந்த பொம்மை பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள். ஏர்பேக் இல்லாத, பழைய வடிவமைப்புக் கார் அது. எல்லைக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நிறுவனம் விற்ற இரண்டு கார்கள். 2017 மே மாதத்தோடு சுரு உற்பத்தி நின்றது. அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்கச் சந்தைக்கு எந்தக் கார் போனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பாவும் ஜப்பானும் கொரியாவும் நம்மைப் பற்றி அப்படித்தான் நினைத்தன. தங்கள் நாட்டில் விற்க முடியாததை இங்கே விற்றார்கள், இந்தியச் சட்டம் அனுமதிக்கிறதே என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதில் நம்மைக் காயப்படுத்தியது. அதே பதிலை நாம் டர்பனில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லத் தகுதியற்றவர்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகளும் அங்கே அந்தக் கார்களை ஓட்டுகிறார்கள் என்பது கூடுதல் காரணம். அது இல்லாவிட்டாலும் காரணம் போதும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2022இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் இது, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாட்டின் கார் உற்பத்தியில் பெரும் பங்கு வகிக்கும் மாநிலமும் இதுவே. கார் ஆலைகளுக்கு நிலம், மின்சாரம், வரிச் சலுகை எல்லாம் கொடுத்துப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறோம். அந்த ஒப்பந்தங்களில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை கோடி முதலீடு என்று எழுதுகிறோம். இங்கே தயாராகும் எந்தக் காரும், எந்த நாட்டுக்குப் போனாலும், ஐ.நா. வகுத்த முன்புற, பக்கவாட்டு மோதல் தரங்களுக்குக் கீழே இருக்காது என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். பொதுப் பணத்தில் சலுகை பெறும் ஆலையிடம் கேட்பதற்கு இது பெரிய கோரிக்கையல்ல.

மத்திய அரசு செய்ய வேண்டியது இரண்டு. பாரத் என்காப் சோதனையை எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கி, ஷோரூமில் நிற்கும் காரின் கண்ணாடியிலேயே முடிவை ஒட்டச் செய்ய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மின்சார நட்சத்திரம் ஒட்டாமல் விற்க முடியாத நாட்டில், உயிரைக் காக்கும் நட்சத்திரத்தை விருப்பத்துக்கு விட்டிருப்பது சரியல்ல. அடுத்து, இந்தியாவில் விற்கத் தகுதியில்லாத பாதுகாப்பு நிலையில் ஒரு கார் ஏற்றுமதியாகக் கூடாது என்று விதி போட வேண்டும். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டட்டும், கீழே ஒரு தளம் இருக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து கார் வாங்கப் போகும்போது, நீங்கள் வாங்கும் அதே ரகம் எந்த அமைப்பால், எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். விற்பனையாளர் வேறு நாட்டுக் காரின் நட்சத்திரத்தைக் காட்டினால் ஏற்க வேண்டாம். சோதனையே நடக்கவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கார் கைக்கு வந்த பிறகு முன் சீட்டில் மட்டுமல்ல, பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கும் பெல்ட் மாட்டிவிடுங்கள். 2022இல் சீட் பெல்ட் அணியாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் பாதிக்குப் பாதி ஓட்டுநர்கள் அல்ல, உடன் சென்றவர்கள்.